பதினேழு கல் வாட்ச்சும் வடசேரிக் கெம்பும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு பேச்சு ஓடியது. அரங்கேற்றத்துக்குத் தயாராகும் பிள்ளைக்கு டெம்பிள் செட் வாங்க வேண்டும். கடையில் கேட்டால் சில ஆயிரம் ரூபாய். வடசேரியில் செய்யக் கொடுத்தால் அதைப்போலப் பல மடங்கு. "பாக்க ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கு, மேடையில யாருக்குத் தெரியப்போவுது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதே வாரத்தில் துபாயில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் தன் கையில் கட்டியிருந்த வாட்ச்சைப் படம் எடுத்து அனுப்பினான். "சார், இது பெரிய ஸ்விஸ் கம்பெனி வாட்ச் மாதிரியே இருக்கும். ஆனா பேரு வேற. இதைக் கட்டுறது தப்பா?" என்று கேட்டிருந்தான்.

எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிந்தது. எது அசல், எது நகல், நகலில் எது தவறு? சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் பதில் பழங்கதையில் இருந்துதான் தொடங்கும். உங்களுக்கு அது புதிதல்லவே.

முதலில் வாட்ச். வீட்டில் பழைய எச்.எம்.டி. இருந்தால் எடுத்துப் பாருங்கள். '17 ஜுவல்ஸ்' என்று போட்டிருக்கும். நம் ஊரில் அதைப் 'பதினேழு கல் வாட்ச்' என்று சொல்வோம். மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுகிற காலத்தில் பெருமையாகச் சொல்லப்பட்ட சொல் அது. அந்தக் கற்கள் முகப்பில் இல்லை, உள்ளே இருக்கின்றன. அலங்காரத்துக்காக வைத்ததும் அல்ல. சக்கரங்களின் மெல்லிய எஃகு அச்சு நாள் முழுக்கச் சுழலும்போது பித்தளைத் துளையில் உரசினால் துளை தேய்ந்து அகன்றுவிடும். அதனால் துளையிட்ட சிவப்புக் கல்லில் அச்சை நிறுத்துகிறார்கள். வைரத்துக்கு அடுத்த கடினம் அந்தக் கல்லுக்கு. தேயாது, எண்ணெயையும் தன்னிடம் வைத்துக்கொள்ளும். சாவி கொடுக்கும் ஒரு நல்ல வாட்ச்சில் பல்சக்கரங்களுக்கு எட்டு, நெம்புகோலுக்கு நான்கு, ஆடுசக்கரத்துக்கு ஐந்து, ஆக 17 கற்கள்.

கல்லைத் துளையிட்டு வாட்ச்சுக்குள் வைக்கும் வித்தையைக் கண்டவர் நிக்கோலா ஃபாத்தியோ என்ற கணித அறிஞர், சுவிட்சர்லாந்தில் வளர்ந்தவர், நியூட்டனின் நண்பர். 1704இல் லண்டனில் இதற்குக் காப்புரிமை பெற்றார். லண்டன் கடிகாரத் தொழிலாளர் சங்கம் உடனே எதிர்த்தது. ஆனாலும் அந்த வித்தை நெடுங்காலம் இங்கிலாந்துக்காரர் கையிலேயே தங்கிவிட்டது. சுவிட்சர்லாந்தில் வளர்ந்தவர் கண்டது, ஆங்கிலேயர் சொத்தானது. 'இது எங்களுடையது' என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் கொஞ்சம் நிதானிப்பது இதுபோன்ற கதைகளால்தான்.

சுவிட்சர்லாந்து வாட்ச் தொழிலின் தொடக்கமே நகையில்தான் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் ஜெனீவாவில் சமயச் சீர்திருத்தக்காரர் கால்வினின் செல்வாக்கு ஓங்கியது. ஆடம்பர நகைகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. பொற்கொல்லர்கள் என்ன செய்வார்கள்? பலர் கடிகாரத்தின் பக்கம் திரும்பினார்கள். மத ஒடுக்குமுறைக்குத் தப்பி பிரான்ஸிலிருந்து ஓடிவந்த கைவினைஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1601இல் ஜெனீவாவில் வாட்ச் செய்வோருக்குத் தனிச் சங்கமே அமைந்தது. தட்டாரின் கைதான் அங்கே வாட்ச் செய்தது என்பதை மனதில் வையுங்கள். வடசேரிக்கு வரும்போது உதவும்.

18ஆம் நூற்றாண்டில் உலகில் மதிப்புப் பெற்றிருந்தது லண்டன் வாட்ச். அதனால் ஐரோப்பாவில், சுவிட்சர்லாந்திலும் சேர்த்து, மலிவான வாட்ச்சுகளைச் செய்து லண்டன் ஆசான்களின் பெயரையோ, இல்லாத ஓர் ஆங்கிலப் பெயரையோ பொறித்து விற்றார்கள். இன்று போலி வாட்ச் என்றாலே ஸ்விஸ் கம்பெனிகள் கொதிப்பதைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்வேன். ஆபிரகாம் லூயி பிரெகே என்ற மேதை பாரிஸில் தொழில் நடத்தினார். அவர் பெயரைப் போட்டுப் போலிகள் குவிந்தன. அவர் 1795 வாக்கில் ஒரு வழி கண்டார். முகப்பில் தன் கையெழுத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் மெல்லிய கீறலாகப் பொறித்தார். சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். அவர் காத்துக்கொண்டது வடிவத்தை அல்ல, தன் பெயரை. இந்த இடத்தைக் கவனியுங்கள், பின்னால் இங்கேதான் திரும்பி வருவோம்.

அடுத்து 1876. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் பெரிய கண்காட்சி. லாஞ்சின் நிறுவனத்தின் பொறியாளர் ஜாக் டாவிட் அங்கே போனார். வால்தம் போன்ற அமெரிக்க ஆலைகள் எந்திரத்தில் ஒரே அளவில் உறுப்புகளைச் செய்து, எந்த உறுப்பும் எந்த வாட்ச்சிலும் பொருந்தும்படி வைத்திருந்ததைக் கண்டு அதிர்ந்தார். திரும்பி வந்து நீண்ட அறிக்கை எழுதினார். நாம் இவர்களிடம் கற்காவிட்டால் அழிந்துபோவோம் என்பது அதன் சாரம். ஸ்விஸ் ஆலைகள் அந்த முறையைப் பின்பற்றின, சில பத்தாண்டுகளில் ஆசிரியரையே மிஞ்சின. இதுவும் ஒருவகையில் காப்பிதான். ஆனால் பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவது வேறு, பக்கத்துப் பையன் எப்படிப் படிக்கிறான் என்று பார்த்துத் தானும் படிப்பது வேறு.

நம் எச்.எம்.டி. இந்த இரண்டாம் வகை. பெங்களூரில் எந்திரக் கருவிகள் செய்துகொண்டிருந்த அரசு நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு 1961இல் வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியது. முதல் வாட்ச்சுகளை நேரு வெளியிட்டார். 'ஜனதா'வின் உள்ளே ஓடியது சிட்டிசன் வடிவமைப்பு. அதை யாரும் மறைக்கவில்லை. சொல்லி, பணம் கொடுத்து, கற்றுக்கொண்ட நகல் அது. அரை நூற்றாண்டு நம் வீடுகளில் அது ஓடியது. 2016இல் அந்த வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. இப்போது நடப்பதைப் பாருங்கள். பழைய எச்.எம்.டி.களுக்கு இணையத்தில் கிராக்கி. அதனால் பழைய எந்திரத்துக்கு மேல் புதிதாகப் பெயின்ட் அடித்த முகப்பை ஒட்டி, எச்.எம்.டி. ஒருபோதும் வெளியிடாத நிறங்களில்கூட 'பைலட்' என்று விற்கிறார்கள். நகலாகப் பிறந்த வாட்ச், தனக்கே போலி வருகிற அளவுக்கு அசலாகிவிட்டது!

தமிழ்நாட்டுப் பங்கையும் சொல்லிவிடுகிறேன். டைட்டான் என்ற பெயரில் நம் மாநிலம் ஒளிந்திருப்பது பலருக்குத் தெரியாது. டாடா இண்டஸ்ட்ரீஸின் 'டி.ஐ.', தமிழ்நாட்டின் 'டி.ஏ.என்.' சேர்ந்தது அது. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டாக 1984இல் தொடங்கிய நிறுவனம், ஓசூரில் ஆலை. 2002இல் வந்த 'எட்ஜ்' வாட்ச்சின் மொத்தக் கனம் 3.5 மில்லிமீட்டர், உள்ளே இருக்கும் எந்திரம் 1.15 மில்லிமீட்டர். யாரையும் பார்த்துச் செய்ததல்ல அது, ஓசூரில் உருவானது. அந்த வாட்ச் நிறுவனம் 1990களில் தனிஷ்க் என்று நகைக்குள் இறங்கி, இன்று நகையிலேயே பெரும்பகுதி வருமானம் பார்க்கிறது. ஜெனீவாவில் நகையிலிருந்து வாட்ச்சுக்குப் போனார்கள். ஓசூரில் வாட்ச்சிலிருந்து நகைக்கு வந்தார்கள்.

இனி கல்லுக்கு வருவோம். 1902இல் ஒகுஸ்த் வெர்னய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் ஒரு முறையை வெளியிட்டார். அலுமினியம் ஆக்சைடு தூளில் துளி குரோமியம் கலந்து, கடும் தீச்சுடரில் உருக்கிச் சொட்டவிட்டால் சிவப்புக்கல் வளரும். இது கண்ணாடி அல்ல. பர்மா மண்ணில் கிடைக்கும் மாணிக்கத்தில் என்ன இருக்கிறதோ அதேதான் இதிலும் இருக்கிறது. பூமி கோடிக்கணக்கான ஆண்டில் செய்ததை மனிதன் சில மணி நேரத்தில் செய்தான். வாட்ச் தொழில் அதை இரு கை நீட்டி வாங்கிக்கொண்டது. நம் பதினேழு கல்லும் அந்த வகைதான். அது மாணிக்கமா, போலியா? வேதியியல் ஆசிரியரைக் கேட்டால் மாணிக்கம் என்பார். நகைக்கடைக்காரரைக் கேட்டால் செயற்கை என்பார். இருவரும் சரி. இதைப் பர்மாக் கல் என்று சொல்லி விற்கும்போதுதான் அது போலியாகிறது.

இப்போது வடசேரி.

வடசேரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பேருந்து நிலையமும் கனகமூலம் சந்தையும்தான் தெரியும். அங்குள்ள ஆசாரிமார் வீடுகளில் தலைமுறைகளாக நடக்கும் வேலை கோயில் நகை. தெய்வத் திருமேனிகளுக்கும் அரசகுடும்பத்துக்கும் தங்கத்தில், உயர்ந்த கற்கள் பதித்துச் செய்த நகைகள்தான் இதன் மூலம். வேணாட்டு அரசின் தலைநகராகப் பத்மநாபபுரம் இருந்த காலம், சுசீந்திரம், குமரி அம்மன், திருவட்டாறு என்று பெரிய கோயில்கள், நவராத்திரிக்குத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் தெய்வங்கள், இவையெல்லாம் இருந்த மண்ணில் நல்ல ஆசாரிக்கு வேலைக்குக் குறைவில்லை.

இந்த நகைகளின் வடிவத்தை யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் விடை இல்லை. சுசீந்திரம் பிரகாரத்தில் வரிசையாக நிற்கும் பாவைவிளக்குச் சிலைகளை அடுத்த முறை போகும்போது நின்று பாருங்கள். காதணி, அட்டிகை, வங்கி, ஒட்டியாணம் எல்லாம் கல்லில் இருக்கும். சிற்பி நகையைப் பார்த்துக் கல்லில் செதுக்கினான். ஆசாரி கல்லைப் பார்த்து நகை செய்தான். யார் யாரைப் பார்த்தார்கள் என்று பிரிக்க முடியாது. இங்கே புதிதாகச் செய்வது பெருமை அல்ல, பிசகாமல் செய்வதே பெருமை. சூரியப்பிறை வலப்பக்கம், சந்திரப்பிறை இடப்பக்கம். ஓர் ஆசாரி தன் கற்பனைக்கு அதை மாற்றினால் பாராட்ட மாட்டார்கள், சரியில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அப்படியானால் ஆடற்பெண்கள் அணியும் டெம்பிள் செட் எங்கிருந்து வந்தது? கோயில்களில் ஆடிய தேவதாசி மரபைத் திருவிதாங்கூர் அரசு 1930இல் ஒழித்தது. சுசீந்திரம் கோயிலில் அந்த மரபு எப்படி இருந்தது என்பதை நம் நாட்டு வரலாற்றறிஞர் கே.கே.பிள்ளை தம் 'தி சுசீந்திரம் டெம்பிள்' நூலில் பதிவு செய்திருக்கிறார். 1953இல் அதை வெளியிட்டது சென்னை கலாக்ஷேத்ரா. அதே கலாக்ஷேத்ராவை 1936இல் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல்தான் ஆட்டத்தைப் புதிய மேடைக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர். சிற்பங்களைப் பார்த்து உடையையும் நகையையும் அவர் ஒழுங்கு செய்தார். பரதநாட்டியம் பரவப் பரவ, தலைசாமான், ராக்கொடி, ஜடைநாகம், மாட்டல், ஜிமிக்கி, புல்லாக்கு என்று முழுச் செட்டுக்கும் தேவை பெருகியது. சாமிக்குச் செய்துகொண்டிருந்த கைகள் ஆடும் பிள்ளைகளுக்கும் செய்யத் தொடங்கின.

ஆனால் ஆடும் பிள்ளைக்குத் தங்கமும் மாணிக்கமும் கட்டுப்படியாகுமா? எனவே வெள்ளித் தகட்டில் கூடு கட்டி, அரக்கு நிரப்பி, அதன்மேல் கெம்புக்கல் இருத்தி, கல்லைச் சுற்றித் தங்க ரேக்கை அழுத்தி அழுத்திப் பதித்து மெருகேற்றினார்கள். கெம்பு என்றால் சிவப்பு, கன்னடத்தில் இன்றும் அதே பொருள்தான். அடித்தளம் வெள்ளி, மேலே தெரிவது மட்டும் பொன். கூடு கட்டுவது ஒரு கை, கல் பதிப்பது ஒரு கை, ரேக்கு வைப்பது ஒரு கை என்று பல கைகளைக் கடந்து ஒரு செட் முடியும்.

ஆகவே நாம் 'அசல் வடசேரி செட்' என்று சொல்வதே ஒரு நகல்தான். தெய்வத்தின் பொன் நகைக்கு வெள்ளியில் செய்த நகல். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆசாரி அதைப் பொன் என்று சொல்லி விற்கவில்லை. வெள்ளி இவ்வளவு, ரேக்கு இவ்வளவு, கூலி இவ்வளவு என்று சொல்லித்தான் கொடுக்கிறார்.

இப்போது அந்த நகலுக்கும் நகல் வந்துவிட்டது. செம்பிலோ வேறு உலோகத்திலோ அச்சில் வார்த்து, முலாம் பூசி, கண்ணாடிக் கல்லைப் பசையில் ஒட்டிய செட்டுகள். அதிலும் எனக்குக் குறை இல்லை. சம்பளம் குறைந்த வீட்டுப் பிள்ளையும் ஆட வேண்டும், அதற்கு மலிவான செட் வேண்டும். 'டான்ஸ் செட், முலாம்' என்று சொல்லி விற்றால் அது நேர்மையான வியாபாரம். அதையே 'நாகர்கோவில் டெம்பிள் ஜுவல்லரி' என்று சொல்லி விற்பதில்தான் திருட்டு தொடங்குகிறது. பிரெகே தன் முகப்பில் ரகசியக் கையெழுத்துப் போட்டது இதற்காகத்தான்.

நம் ஆசாரிக்கு அந்த வசதி உண்டா? அவர் பெயர் நகையில் இருப்பதில்லை. வடிவத்துக்குச் சட்டக் காப்பு கேட்கவும் முடியாது. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி புதிய வடிவத்துக்கு மட்டுமே பதிவு, அதுவும் கூடிப்போனால் 15 ஆண்டு. ஜிமிக்கியையும் ஒட்டியாணத்தையும் புதிது என்று எப்படிச் சொல்வது? எஞ்சியிருப்பது ஊரின் பெயர் ஒன்றுதான். அதைக் காக்கப் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் நாகர்கோவில் கோயில் நகையும் பதிவானது. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும் மட்டி வாழைப்பழத்துக்கும் கிடைத்திருப்பது இதே குறியீடுதான்.

ஸ்விஸ்காரர்களும் இதையே செய்தார்கள். ஒரு காலத்தில் லண்டன் பெயரைத் திருடிய நாடு, 1971இல் 'ஸ்விஸ் மேட்' என்று எதைச் சொல்லலாம் என்பதற்குத் தனி விதி போட்டது. 2017 முதல் தயாரிப்புச் செலவில் குறைந்தது 60 சதவீதம் அங்கே ஆகியிருக்க வேண்டும் என்று இறுக்கியது. வித்தியாசம் ஒன்றுதான். அவர்கள் பெயரைக் காக்க வக்கீல்களும் பணமும் இருக்கின்றன. வடசேரிப் பட்டறையில் இருப்பது ஓர் ஊதுகுழலும் இடுக்கியும்.

அதனால் என் பதில் இதுதான், மக்களே.

துபாய் மாணவனுக்கு: 1972இல் ஜெரால்ட் ஜெந்தா என்ற கலைஞர் எட்டுத் திருகாணி தெரியும் எண்கோண முகப்போடு ராயல் ஓக் வாட்ச்சை வரைந்தார். 1976இல் வேறொரு கம்பெனிக்கு நாட்டிலஸை வரைந்தவரும் அவரே. கப்பலின் வட்ட ஜன்னல் சாயலில் அமைந்தது அது. அதன்பின் உலகமே அந்தச் சாயலில் வாட்ச் செய்கிறது. உன் கையில் இருப்பதில் அதைச் செய்தவன் தன் சொந்தப் பெயரைப் போட்டிருக்கிறான். அது இன்னொருவர் சிந்தனையின் நிழல்தான், ஆனால் பொய் அல்ல. தாராளமாகக் கட்டு. யாராவது கேட்டால் பெயரைச் சொல். அடுத்தவன் பெயர் பொறித்த போலியை மட்டும், யார் சும்மா கொடுத்தாலும், வாங்காதே.

அரங்கேற்ற வீட்டாருக்கு: வசதிக்கு ஏற்றதை வாங்குங்கள். முலாம் செட் வாங்கினால் முலாம் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், பிள்ளையின் ஆட்டம் அதனால் ஒரு அடவுகூடக் குறையாது. 'வடசேரி' என்ற பெயருக்காகப் பணம் கொடுப்பதானால் பட்டறைக்கே போய்க் கொடுங்கள். அடித்தளம் வெள்ளியா, கல்லைப் பிடித்திருப்பது ரேக்கா பசையா, எடை என்ன, கூலி என்ன என்று கேளுங்கள். செய்தவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். அச்சுச் செட் விலையைக் காட்டிப் பேரம் பேசாதீர்கள். அந்த ஒரு பேச்சில்தான் பட்டறையில் வளர்ந்த பையன், இந்த வேலை வேண்டாம் என்று தீர்மானிக்கிறான். அப்படிப் பல வீடுகளில் தீர்மானித்தாகிவிட்டது.

வாட்ச் ஆலை மூடினாலும் எந்திரம் மிஞ்சும், வரைபடம் மிஞ்சும். ரேக்கு அழுத்தும் விரலின் பழக்கத்துக்கு வரைபடம் கிடையாது. அது அப்பாவைப் பார்த்து மகன் எடுத்த நகல். அந்த நகல் ஒரு தலைமுறை அறுந்தால் திரும்ப எடுக்க அசல் இருக்காது.

உங்கள் வீட்டுப் பழைய நகையிலோ வாட்ச்சிலோ இப்படி ஏதாவது கதை இருந்தால் கீழே எழுதுங்கள். வடசேரியில் செய்வித்தவர்கள் எந்த ஆண்டு, என்ன நகை என்று குறிப்பிட்டால் இன்னும் நல்லது. நம் ஊர் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பக்கம் அது.

அனைவரும் நலமாக இருங்கள்.